வியப்பு போதும், கம்பி வேண்டும்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் என் தந்தையாரை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமை தூக்கியவர். முதுகு வலியோடு இடது காலும் மரத்துப் போகத் தொடங்கவே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பட்டாசு ஆலையில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை பார்க்கும் என் தாயாரின் இரண்டு வாரக் கூலி அந்த அரை மணி நேரத்திற்குக் கட்டணமாயிற்று. அடைத்த கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளிருந்து சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஏய்யா, நீ கரண்டு, காந்தமெல்லாம் படிக்கிறவந்தான? அந்த மிசினுக்குள்ள என்னய்யா இருக்கு?"

"பெரிய காந்தம்மா" என்றேன்.

"எதுல செஞ்ச காந்தம்?"

எனக்கு விடை தெரியவில்லை. ஆனைக்குட்டத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாத படிப்பு என்ன படிப்பு என்று அன்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கமே என்னைக் கல்லூரி நூலகத்திற்கும், பொறுமை மிக்க நம் இயற்பியல் துறைப் பேராசிரியர்களின் அறைக்கும் துரத்தியது.

விடை ஒரே சொல்தான்: கம்பி. நயோபியம், டைட்டானியம் என்னும் இரு உலோகங்களின் கலவையை மெல்லிய இழைகளாக்கிச் செம்புக்குள் பொதிந்த கம்பி. பல கிலோமீட்டர் நீளமுள்ள அக்கம்பியைச் சுருளாகச் சுற்றி, திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வின் வரை, அதாவது சுழியத்திற்கும் கீழே 269 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, மின்சாரம் பாய்ச்சிவிட்டால், அந்த மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். அதுவே அந்தக் காந்தம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து இதுதான். மீக்கடத்தி என்றால் 'மின்தடை சுழி' என்னும் வியப்பை மட்டும் நாம் படிக்கிறோம். காந்தத்துண்டு காற்றில் மிதக்கும் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அந்த வியப்பைக் கம்பியாக்கி, அந்தக் கம்பியை உடையாமலும் சூடேறாமலும் காப்பாற்றுவதுதான் உண்மையான ஆராய்ச்சி. அதை நாம் படிப்பதும் இல்லை, மதிப்பதும் இல்லை. இந்த நிலை மாற வேண்டும்.

ஐம்பது ஆண்டு ஏன் காத்திருந்தோம்?

1911ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்ததைக் கண்டார். தடையில்லாத கம்பியால் மிக வலிய காந்தம் செய்துவிடலாம் என்று உடனே அவருக்குத் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஈயக் கம்பிச் சுருளில் முயன்றார், தோற்றார். சுருள் தானே உண்டாக்கிய சிறு காந்தப்புலம் அதன் மீக்கடத்தும் தன்மையை அழித்துவிட்டது.

மீக்கடத்தியைச் சுற்றி மூன்று மதில்கள் உண்டு. வெப்பநிலை ஒன்று, காந்தப்புலம் இரண்டு, மின்னோட்டம் மூன்று. எந்த ஒன்று எல்லை மீறினாலும் அது சாதாரண உலோகமாகிவிடும். நம் பாடநூல் முதல் மதிலை விரிவாகச் சொல்கிறது. மற்ற இரண்டையும் ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கிறது. கம்பி செய்பவனுக்கோ அந்த இரண்டும்தான் பெரிய தலைவலி.

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் குன்ஸ்லரும் அவருடைய தோழர்களும், நயோபியம்-வெள்ளீயச் சேர்மம் 8.8 டெஸ்லா காந்தப்புலத்திலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 ஆம்பியர் தாங்குவதைக் காட்டினார்கள். வியப்பு பிறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்தே பயன்படக்கூடிய கம்பிக்கு வழி பிறந்தது. நம் வீட்டு வயரிங்கில் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பில் ஏறக்குறைய 8 ஆம்பியர்தான் விடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஆயிரத்தின் பெருமை விளங்கும்.

குறையே நிறை ஆனது

இது எப்படி முடிந்தது? இங்கேதான் கம்பித் தொழிலின் நுட்பம் இருக்கிறது. வலிய காந்தப்புலத்தில் இத்தகைய மீக்கடத்திக்குள் காந்தப் பாயக்கோடுகள் நுழைந்துவிடும். மின்னோட்டம் பாயும்போது அக்கோடுகள் நகர முற்படும். நகர்ந்தால் வெப்பம் பிறக்கும். வெப்பம் பிறந்தால் எல்லாம் போயிற்று. எனவே அவற்றை நகரவிடாமல் முளையடித்துக் கட்டிவைக்க வேண்டும். முளையாக அமைவது எது? உலோகத்துக்குள் இருக்கும் குறைகளே! பழுதில்லாத தூய படிகம் இங்கு உதவாது.

ஆகவே நயோபியம்-டைட்டானியக் கம்பியைச் செய்பவர்கள், பொற்கொல்லர் தங்கக் கம்பியைத் துளைத்தகட்டின் வழியே இழுத்து மெலிதாக்குவதுபோல் இழுக்கிறார்கள், இடையிடையே உலையிலிட்டுச் சூடாக்குகிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வொரு சூட்டிலும் டைட்டானியம் நுண்ணிய திட்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. அத்திட்டுகளே முளைகள். இவ்வாறு பக்குவப்பட்ட கலவை 4.2 கெல்வினில், 5 டெஸ்லாவில், சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 ஆம்பியர் வரை தாங்குகிறது. அதே கலவை, அதே மாறுநிலை வெப்பநிலை. இழுத்த விதமும் சுட்ட விதமும் மாறினால் தாங்கும் மின்னோட்டம் பலமடங்கு மாறிவிடுகிறது. தொழிற்கை அறியாத அறிவியல் இங்கே ஓரடியும் நகராது.

இழைகளை மெல்லியதாக்குவதற்கும் காரணம் உண்டு. இழை தடித்திருந்தால் பாயக்கோடுகள் திடீரெனக் கூட்டமாகப் பாய்ந்து சூடேற்றிவிடும். ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் முடுக்கியில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வகைக் கம்பிக்குள் சுமார் 8,900 இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு! சுற்றியுள்ள செம்போ ஆபத்துக் காலத் தோழன். எங்காவது மீக்கடத்தும் தன்மை அறுந்தால், மின்னோட்டம் எரித்துவிடாமல் தன் வழியே செல்ல அது பாதை தருகிறது.

வாளியும் கயிறும்

மின்தடை இல்லை, சரி, வலிமை? மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும் என்பது நாம் அறிந்ததே. சுருளில் அந்த விசை கம்பியை வெளிநோக்கித் தள்ளுவதால், கம்பி முழுவதும் இழுவிசை உண்டாகிறது. அந்தத் தகைவு என்பது மின்னோட்ட அடர்த்தி, காந்தப்புலம், சுருளின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர மில்லிமீட்டருக்கு 100 ஆம்பியர், 1.5 டெஸ்லா, அரை மீட்டர் ஆரம் என்று கொள்வோம். பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன் வருகிறது. தண்ணீர் நிறைந்த ஏழரைக் கிலோ வாளியை ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டதற்குச் சமம். புலத்தை 8 டெஸ்லாவாக உயர்த்தினால் வாளி 40 கிலோவாகிறது! மின்சாரத்தை விடக் கம்பியின் உடல் வலிமையே எல்லை வகுக்கும் கட்டம் வந்துவிடுகிறது.

வளைந்து கொடுக்கும் நயோபியம்-டைட்டானியம் இதைத் தாங்கும். அதனினும் உயர்ந்த புலத்திற்கு வேண்டிய நயோபியம்-வெள்ளீயச் சேர்மமோ பீங்கான்போல் நொறுங்கும். ஆகவே அதைச் சேர்மமாக்கும் முன்பே சுருளாகச் சுற்றிவிட்டு, பிறகு சுமார் 650 டிகிரி செல்சியஸில் நாட்கணக்கில் சுடுகிறார்கள். பச்சை மண்ணில் வனைந்து பிறகு சூளையில் வைக்கும் நம் குயவர் முறைதான் இது.

அப்படிச் செய்தும் தொல்லை தீரவில்லை. பிரான்சில் பல நாடுகள் கூடிக் கட்டிவரும் ஈட்டர் அணு இணைவு உலைக்கான நடுச்சுருள் கேபிளை ஸ்விட்சர்லாந்தின் வில்லிகன் நகரில் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை ஏற்றி இறக்கியதில் கேபிளின் தாங்குதிறன் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் கம்பிகள் ஒன்றையொன்று நெருக்கி வளைந்ததே காரணம். தீர்வு என்ன தெரியுமா? கம்பிகளை இன்னும் நெருக்கமாக முறுக்கினார்கள்! தேய்வு நின்றது. கயிறு திரிப்பவர் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த செய்தி அது.

1987இல் 92 கெல்வினில் மீக்கடத்தும் இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு வந்தபோது உலகமே ஆர்ப்பரித்தது. அதுவும் சுட்ட மண்ணின் இனம். தனியே கம்பியாக நிற்காது. வலிய உலோக நாடாவின்மேல் ஓரிரு மைக்ரான் தடிமனில் பூசித்தான் பயன்படுத்துகிறார்கள். மின்னோட்டத்தைச் சுமப்பது பூச்சு. பூச்சைச் சுமப்பது நாடா.

ஒரே ஓர் இணைப்பு

அணையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது உயரமான கரையன்று; எங்கே கரை தாழ்ந்திருக்கிறதோ அந்த இடமே. எங்கள் ஊர் அணைக்கரையில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மீக்கடத்திக் கம்பிக்கும் அதே நியாயம்தான்.

2008 செப்டம்பர் 19ஆம் நாள். சேர்ன் முடுக்கியில் இரு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஓர் இணைப்பு சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. அதன் தடை சுமார் 200 நானோ ஓம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஓர் ஓமின் கோடியில் இரண்டு பங்கு! மின்னோட்டம் 8,700 ஆம்பியரை எட்டியபோது அந்த இடத்தில் பிறந்திருக்கக்கூடிய வெப்பத்தை நான் கணக்கிட்டேன்: 15 வாட். ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு தின்னும் மின்திறன். அதுவே போதுமானதாயிற்று. மீக்கடத்தல் அறுந்தது, மின்பொறி பாய்ந்தது, ஹீலியக் கலம் துளைபட்டது, சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது, முடுக்கி ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் உண்டு. குஜராத் மாநிலம் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 'எஸ்.எஸ்.டி.-1' என்ற டோகமாக் இருக்கிறது. அதன் 16 பெரிய சுருள்களும் நயோபியம்-டைட்டானியக் கேபிளால் ஆனவை. ஒரு கேபிளில் 135 கம்பிகள். 10,000 ஆம்பியருக்கு வடிவமைக்கப்பட்டவை. முதலில் பொருத்தியபோது எழுந்த கோளாறுகளுக்காக முழு இயந்திரத்தையும் பிரித்துச் செப்பனிட்டார்கள். ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே குளிர்வித்துச் சோதித்து, இணைப்புகளைப் புதிதாகச் செய்து, அவற்றின் தடையை ஒரு நானோ ஓமுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா பிறந்தது. மீண்டும் தொடங்கி வென்ற அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குவோம்.

பானை நமது, கம்பி யாருடையது?

எஸ்.எஸ்.டி.-1இன் கம்பி ஜப்பானிலிருந்து வந்தது. ஈட்டர் திட்டத்தில் ஏழு உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. அந்த உலையை மூடும் மாபெரும் எஃகுக் கலத்தை, ஏறக்குறைய 30 மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் கொண்டதை, நாமே செய்து கொடுத்தோம். உலகம் பாராட்டியது. அந்த உலையின் மீக்கடத்திக் கேபிள்களை வழங்கியவர்களோ மற்ற ஆறு உறுப்பினர்கள். பானை நமது, கம்பி பிறருடையது. வேலைப் பங்கீட்டில் நமக்கு வந்த பங்கு அது என்பது உண்மையே. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

நம்மிடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் நயோபியம் பிரித்தெடுக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் டைட்டானியத் தாது கிடைக்கிறது. கேரளத்துச் சவராவில் 2011 முதல் டைட்டானியப் பஞ்சு உலோகம் உற்பத்தியாகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நயோபியம்-டைட்டானியப் பன்னிழைக் கம்பிகளைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உள்நாட்டில் உருவான 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிறுவிச் சோதிக்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. தொடக்கம் நன்று. ஆனால் ஒரு கம்பியைச் செய்து காட்டுவது வேறு. பல கிலோமீட்டர் நீளத்தில், ஓரிடத்திலும் பழுதின்றி, சந்தை விலைக்குச் செய்வது வேறு. நாட்டின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை இன்றும் இறக்குமதியே. அந்த விலையில் ஒரு துளி என் தாயாரின் இரண்டு வாரக் கூலியிலும் விழுந்தது.

"கம்பி எண்ணப் போறியா?"

இதையெல்லாம் ஒரு நாள் என் தாய்மாமாவிடம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். "எம்புட்டுப் படிச்சும் கடைசில கம்பி எண்ணவா மாப்ள போற? டிகிரிய முடிச்சிட்டு எங்க ஆபீசுக்கு வா, மொதலாளிகிட்டச் சொல்லுதேன்" என்று சிரித்தார். அவர் அன்பில் குறையில்லை. மாதக் கடைசியில் எங்கள் வீட்டு நிலை அவருக்குத் தெரியும். நானும் அதற்குச் சிரித்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டேன்.

நம் வகுப்பு நண்பர்கள் சிலரும் வேறு சொற்களில் இதையே கேட்கிறார்கள். "பயிர்க்கடனும் குடிநீரும் பிரச்சினையாக இருக்கும் ஊரில் 4 கெல்வின் ஆராய்ச்சி எதற்கு?" நியாயமான கேள்விதான். என் விடை இது: ஆராய்ச்சியை நாம் விட்டுவிட்டாலும், அதன் பொருளை வாங்காமல் இருக்க முடியவில்லை. ஏழையின் முதுகுத்தண்டுக்கும் அதே காந்தம்தான் வேண்டியிருக்கிறது. செய்யத் தெரியாதவன் சொன்ன விலைக்கு வாங்குகிறான். ஆகவே இந்த ஆராய்ச்சியைப் பணக்கார நாட்டின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது.

இன்னொரு விடையும் உண்டு. நம் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சர் சி. வி. இராமனுக்குத் துணைநின்றவர் என்ற அளவில் அவரை அறிவோம். அவரே பின்னர் பாட்டியா என்பவருடன் சேர்ந்து, உலோகங்களின் மின்தடை எதனால் வருகிறது என்றும் ஆராய்ந்தார். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார். மின்தடையைப் பற்றிய சிந்தனை நம் கரிசல் மண்ணுக்குப் புதிதன்று, நண்பர்களே!

நாம் செய்யக்கூடியது

பெரிய கோரிக்கைகள் வைக்கும் தகுதி எனக்கில்லை. பேராசிரியப் பெருமக்களிடம் மூன்று சிறு வேண்டுகோள்கள் மட்டும்.

ஒன்று: நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியை எடைகட்டி இழுத்து யங் குணகம் காண்கிறோம். வேறொரு நாள், வேறொரு கம்பியைக் கேரி ஃபாஸ்டர் சமனச்சுற்றில் வைத்து மின்தடையெண் காண்கிறோம். இரண்டும் இரு வேறு பக்கங்களில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெறுகின்றன. ஒரே கம்பியில் இரண்டையும் செய்தால் என்ன? இழுத்தபின் தடை எவ்வளவு மாறியது, சூடாக்கிப் பதப்படுத்தியபின் எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் என்ன? மீக்கடத்திக் கம்பி ஆராய்ச்சியின் அரிச்சுவடி அதுவே. புதிய கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டு: 77 கெல்வின் நமக்கு எட்டாத உயரமன்று. மாடுகளுக்குச் சினை ஊசி போட விந்துக் குச்சிகளைப் பாதுகாக்கும் திரவ நைட்ரஜன் கலன் கால்நடை மருந்தகங்களில் இருக்கிறது. முறையாக அனுமதி பெற்று, பேராசிரியர் மேற்பார்வையில் சிறிது வாங்கி, ஒரு செம்புச் சுருளை அதில் இறக்கினால், அதன் தடை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைவதை நம் கண்ணாலேயே மீட்டரில் காணலாம். படத்தில் மிதக்கும் காந்தத்தைவிட நாமே எடுத்த அந்த அளவீடு நெஞ்சில் நிற்கும்.

மூன்று: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மீக்கடத்திகளைப் பற்றி ஆராய்கிறார்கள். ஆண்டுச் சுற்றுலா அந்தத் திசையிலும் ஒருமுறை செல்லட்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மில் பலர் தறிகாரர், தச்சர், கொத்தனார், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இயற்பியல் என்பது கரும்பலகையில் சமன்பாடு எழுதுவோர்க்கே உரியது என்று எண்ணி ஒதுங்கி நிற்கிறோம். இழுப்பதும் முறுக்குவதும் சுடுவதும் பற்றவைப்பதும் தெரிந்த கைகளுக்காகக் காத்திருக்கும் இயற்பியலும் ஒன்று உண்டு. அது தாழ்ந்த இயற்பியல் அன்று. ஓனஸின் கனவை ஐம்பது ஆண்டு காக்கவைத்தது அதுதான்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டபின் ஒரு மாலை அம்மாவிடம் அவருடைய கேள்விக்கு விடை சொன்னேன். "காந்தம் கம்பில செஞ்சதும்மா. அந்தக் கம்பி எங்கயும் ஒரு பழுது இல்லாம இருக்கணும்" என்றேன். அம்மாவுக்கு வியப்பே இல்லை. ஆலையில் மருந்துக் குழம்பில் முக்குவதற்கு முன், கைநிறையக் கம்பிகளை எடுத்து உருட்டிப் பார்ப்பாராம். கோணலும் துருவும் விரலுக்கே தெரிந்துவிடுமாம். "கம்பி நல்லா இருந்தாத்தானய்யா மருந்து நிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எம்.எஸ்சி. சேர்வதா, மாமாவின் அச்சகமா என்பதை இன்னும் ஓராண்டில் நான் முடிவு செய்தாக வேண்டும். அப்பாவின் கால் இன்னும் சரியாகவில்லை. ஆயினும் விண்ணப்பம் போடுவது என்ற அளவில் என் மனம் துணிந்துவிட்டது. கம்பியை விரலால் அறியும் ஒரு தலைமுறைக்குப் பின், அதைக் கருவியாலும் கணக்காலும் அறியும் ஒரு தலைமுறை எங்கள் வீட்டிலிருந்தும் வரட்டுமே!